ஆகாரத்துக்குப் பின் மூன்று வேளை

கோதண்டபாணிக்கு அந்த வாரத்தில் ஐந்தாவது தடவையாக இடது கால் முறிந்தது. முறித்தவள் சவுரியம்மாள்தான். முறித்த கையாலேயே இரண்டு பக்கமும் மூங்கில் தப்பை வைத்து, பஞ்சு கொடுத்து, துணிச்சுருளை ஓட்டிக் கட்டினாள். கட்டி முடித்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தால் ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. பரீட்சையில் ஐந்துதான் கொடுப்பார்கள். "அவுத்துட்டு மறுபடியும் கட்டுடி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவிழ்த்தாள்.

கோதண்டபாணி என்பது ஒரு பொம்மை. திண்டிவனத்தில் கன்னியர் நடத்திய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுகிற பெண்கள் கோணியைத் தைத்து, வைக்கோலை அடைத்து, அவனை உண்டாக்கியிருந்தார்கள். அவனைக் குளிப்பாட்டுவார்கள், புரட்டுவார்கள், படுத்தவன் படுத்தபடி இருக்கக் கீழே விரிப்பை மாற்றுவார்கள். எத்தனை பேர் கால் முறித்தாலும் 'ஐயோ' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, மகராசன். வாய் இருந்தும் பொய் சொல்லாத ஆம்பிளை ஊரிலேயே இவன் ஒருத்தன்தான் என்பாள் தேவகி. அவள் மரக்காணத்துக் கடலோரத்துப் பெண், சவுரியம்மாளின் கூட்டாளி, வாயாடி.

"ஏன்டி, அந்தக் காலு பாவம்டி. பரீட்சைக்குப் போறதுக்குள்ள வைக்கோலு பொடியாயிடும்" என்றாள் தேவகி.

"பொடியானா வேற அடைச்சிக்கலாம். நான் போனா என்னை யாரு அடைக்கிறது?" என்றாள் சவுரியம்மாள்.

அது விளையாட்டுப் பேச்சில்லை. போன வருஷமே அவள் பாஸ் பண்ணியிருக்க வேண்டியவள். விழுப்புரத்தில் நடந்த கடைசிப் பரீட்சையில் எழுத்தில் நல்ல மார்க்கு, செய்முறையிலும் குறையில்லை. வாய்ப் பரீட்சையில்தான் வந்தது வினை. டாக்டர் விருத்தாசலம் என்று மதராஸிலிருந்து வந்த பரீட்சைக்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், இவளுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெரிந்த பதில்தான். வரவில்லையே! இரண்டு தடவைக்கு மேல் உட்கார முடியாது என்பது சட்டம். இந்தத் தடவையும் போனால் தலையில் இருக்கிற வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஓமந்தூருக்குப் பக்கத்தில் அவள் பிறந்த சேரிக்குத் திரும்பி, அம்மாவோடு நிலக்கடலைக் கொல்லையில், மல்லாட்டைச் செடிக்கு நடுவே, களை வெட்ட வேண்டியதுதான்.

களை வெட்டுவது கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் கொல்லைக்காரர் வரப்பில் நின்று "ஏ குட்டி" என்றால் ஓடி வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அதே ஊரிலிருந்து வருகிறவர்கள் வார்டில் "நர்ஸம்மா" என்கிறார்கள். மாட்டேன், செத்தாலும் அந்த வரப்புக்குத் திரும்ப மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தாள். பரீட்சைக்கு இன்னும் பத்தே நாள் இருந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம். எங்கோ நடக்கிற சண்டைக்கு இங்கே அரிசி காணாமல் போயிருந்தது. ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டதால் அங்கிருந்து வரும் குளிர்காய்ச்சல் மருந்து கொய்னாவும் அருமையாகிவிட்டது. குளிர்காய்ச்சலோ யாரையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கொய்னாவைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி, சொத்தைக் கொடுக்கிற மாதிரிப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். புட்டியின் பக்கத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். அதைப் பல்லுப் பல்லாகக் கத்தரித்திருப்பார்கள். ஒரு பல்லு ஒரு வேளை. புட்டியைக் கையில் கொடுத்து, எப்படிக் குடிப்பது என்று சொல்லி அனுப்புவது பழகுகிற பெண்களின் வேலை.

அந்தத் திங்கட்கிழமை மருந்து ஜன்னலில் சவுரியம்மாள் நின்றாள். வரிசையில் ஐந்தாவது ஆளாக வந்து நின்றது அவள் அம்மா லூர்துமேரி. போர்வை போர்த்தி, கண் சிவந்து, பல் கிட்டிக்கொண்டு நின்றாள். அந்த நடுக்கத்திலும் மகளைத் தொப்பியோடு பார்த்துப் பூரித்துப் போனாள். பின்னால் நின்றவளிடம், "எம்பொண்ணு" என்று ஜாடையிலேயே சொல்லியாகிவிட்டது.

"சாப்டியாம்மா?" என்றாள் சவுரியம்மாள்.

"ஆச்சுடி. நல்லா சாப்ட்டுக்கினுதான் வந்தோம். நீ சாப்டியா?"

"ஆச்சு. இத பாரு, சாப்பிட்ட பொறவு மூணு வேளை. வெறும் வயித்துல மட்டும் குடிச்சிடாத, கொமட்டும். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பல்லு. புரிஞ்சிதா?"

"புரியாம இன்னா? சாப்பிட்ட பொறவு மூணு" என்றாள் லூர்துமேரி. புட்டியை மடியில் முடிந்துகொண்டு போனாள். சவுரியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. புஸ்தகத்தில் இருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியாயிற்று, போன வருஷத்து நாக்கு இல்லை இது.

புதன்கிழமை காலையில் அவள் அப்பா மாசிலாமணி கூண்டு வண்டியில் அம்மாவைக் கொண்டுவந்து இறக்கினார். அவளால் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்தாலும் சுவரே சுற்றுகிறது என்றாள். வாந்தி வேறு. காதுக்குள் வண்டு கூட்டமாகப் புகுந்த மாதிரி இரைகிறதாம். யார் என்ன கேட்டாலும் "ஆங்? ஆங்?" என்றாள். புட்டியைப் பார்த்தால் ஒன்பது பல்லில் மூன்றுதான் பாக்கி இருந்தது.

"கொய்னா மிஞ்சிப் போச்சு. எத்தனை குடிச்சாங்க?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

மாசிலாமணி முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சொன்னபடிதாங்க குடிச்சா. சாப்பிட்ட பொறவு மூணுன்னு பொண்ணு சொல்லிச்சு. திங்கக்கெழமை பொழுதுபோயி சாப்பிட்டுட்டு மூணு பல்லு. நேத்து பொழுதுபோயி சாப்பிட்டுட்டு மூணு பல்லு. வெறும் வயித்துல குடிச்சா ஆவாதுன்னுட்டு மத்த நேரம் தொடவே இல்லீங்க."

"மத்த நேரம் சாப்பிடலையா?"

"எங்கேங்க சாப்பிடுறது? ஒருவேளைதான் ஒலை வைக்கிறது. பொழுதுபோயி கேப்பைக்கூழு. தையிலேர்ந்து அப்படித்தான்" என்றார் மாசிலாமணி, ஏதோ மழை நிலவரம் சொல்வதைப் போல.

சவுரியம்மாள் விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். தையிலிருந்து! எட்டு மாதமாகப் பார்க்க வரும்போதெல்லாம் "ஆச்சுடி, நல்லா சாப்டோம்" என்றுதானே அம்மா சொன்னாள்? இவளும் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? பத்து வயது வரைக்கும் ஒருவேளைக் கூழில் வளர்ந்தவள்தான். ஆனால் மடத்து விடுதியில் மணி அடித்தால் காலை, மணி அடித்தால் மத்தியானம், மணி அடித்தால் ராத்திரி என்று வருஷக்கணக்காகத் தின்ற வாய்க்கு, உலகத்தில் எல்லாருக்கும் மூன்று தடவை மணி அடிக்கிறது என்று நினைப்பு வந்துவிட்டது. வயிறு நிறைந்தால் புத்தி மழுங்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

லூர்துமேரிக்குப் பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் புருஷன் வாயைத் திறந்திருப்பதையும் மகள் முகம் போன போக்கையும் பார்த்துவிட்டாள். "யோவ், சும்மா இருய்யா! வூட்டுக் கதைய இங்க வந்து சொல்லிக்கினு! பொண்ணுக்குப் பேரு கெட்டுடும்!" என்றாள். ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவள் நினைப்பு. காது அடைத்துப் போனதால் அது வார்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

மேலதிகாரியான மதர் வந்தார். பிரெஞ்சு தேசத்துக்காரர், ஜெபப்புத்தகத் தமிழ் பேசுவார். "மருந்து எடுத்துச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

மதர் கேட்கிற தோரணையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "நான்தான் மறந்து குடிச்சேன்! பொண்ணு சரியாத்தான் சொல்லிச்சு!" என்று கத்தினாள் லூர்துமேரி.

"நான்தான் சொன்னேன் மதர். கேக்காம சொன்னேன்" என்றாள் சவுரியம்மாள்.

மதர் புட்டியைத் திருப்பிச் சீட்டைப் படித்தார். 'ஆகாரத்துக்குப் பின் மூன்று வேளை' என்று அச்சடித்திருந்தது. "நீ சீட்டில் உள்ளதையே சொன்னாய் மகளே. உன்மேல் குற்றமில்லை" என்றார்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. குற்றமில்லையாமே! அம்மா எதிரே செவிடாகக் கிடக்கிறாள், குற்றம் மட்டும் யார் வீட்டுக்கும் போகவில்லை. கை தானாகத் தொப்பிக்குப் போயிற்று. ஊசியை உருவிவிட்டாள்.

"தொப்பியைக் கழட்டாதடி!" என்று லூர்துமேரி போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கழட்டினியோ, மீதி மூணு பல்லையும் இப்பவே குடிச்சிட்டுச் செத்துப்பூடுவேன்! ஆமா!"

சவுரியம்மாள் அழுதாள். வாய்விட்டே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ஊசியைத் திரும்பக் குத்திக்கொண்டு, அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சப் போனாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு வேறு பைத்தியம் பிடித்தது. காலையில் கோதண்டபாணிக்கு ஐந்து நிமிஷத்தில் கட்டு, மத்தியானம் எலும்புப் பெயர்கள். இடையில் கிடைக்கிற நேரமெல்லாம் மருந்து ஜன்னல். மற்றவள் முறையையும் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வருகிறவர்களிடம், "எத்தனை வேளை சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் "மூணு வேளை" என்றார்கள். கன்னம் ஒட்டினவனும் மூணு வேளை, விலா எலும்பை எண்ணிவிடலாம் என்று இருந்தவளும் மூணு வேளை. ஒரு கிழவர், "இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? நாங்க இன்னா சோத்துக்கு இல்லாதவங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

"உனக்கு வேணும்டி. பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லே, ஊரு சோத்தை எண்ணிக்கினு இருக்கே" என்றாள் தேவகி.

"நான்கூட ஆச்சுன்னுதானே சொல்றேன், தேவகி. நீயும் அப்படித்தான். சாப்டியான்னா ஆச்சு. இல்லேன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்ப எப்படித்தான் கேக்குறது?"

"கோதண்டபாணிகிட்ட கேளு, அவன்தான் பொய் சொல்ல மாட்டான்" என்றாள் தேவகி.

சனிக்கிழமை கேட்கிற வழி தானாக வந்து விழுந்தது. மயிலம் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, குப்பம்மாள் என்று பெயர், ஜன்னலில் "மூணு வேளை" என்று அடித்துச் சொல்லிவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "உங்க தெருவுல நெருப்பு யாரு வூட்டுல கெடைக்குது? எங்க தெருவுல பேஜாரா இருக்குது, தீப்பெட்டியே கண்ணுல காணோம்."

"எங்க கெடைக்குது? நேத்து பொழுதுபோயி அடுப்பு பத்த வச்சதோட சரி. பானையைக் கழுவிக் கவுத்துட்டுத்தான் வந்தேன்" என்றாள் குப்பம்மாள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

சவுரியம்மாள் ஜன்னலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அடி என் ராசாத்தி! சோற்றைக் கேட்டால் மானம் குறுக்கே வந்து நிற்கிறது. நெருப்பைக் கேட்டால் ஒன்றும் நிற்கவில்லை. அடுத்து வந்தவனிடம் சும்மா பேச்சுவாக்கில், "உங்க வூட்டுல அடுப்பு எப்போ பத்துச்சு?" என்று கேட்டாள். "நேத்து சாயங்காலம்" என்றான். "பானை நிமிந்திருக்குதா, கவுந்திருக்குதா?" என்றாள். "கவுந்துதான் இருக்குது" என்றான். மூணு வேளைக்காரன் ஒருவேளைக்காரனாகிவிட்டான். அன்று மாலைக்குள் இருபத்திரண்டு பேரிடம் கேட்டாள். பதினேழு பேர் வீட்டில் பானை கவிழ்ந்திருந்தது.

பரீட்சையன்று ஆறு பெண்கள் ரயில் ஏறினார்கள். விழுப்புரத்திலிருந்த பொம்மையை எலி தின்றுவிட்டதாம், உங்களுடையதைக் கொண்டு வாருங்கள் என்று கடிதம் வந்திருந்தது. கோதண்டபாணியை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பேரணி ஸ்டேஷனில் ஏறின ஒருவர் பெஞ்சில் கிடந்ததைப் பார்த்து, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடினார். தேவகி சிரித்துச் சிரித்து விக்கினாள். சவுரியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்குத் தலைசுற்றல் நின்று வீட்டுக்குப் போயாயிற்று. வலது காதுக்குக் கேள்வி திரும்பியது, இடது காதுக்குத் திரும்பவில்லை. அதையேதான் நினைத்துக்கொண்டு போனாள்.

கட்டு நாலே முக்கால் நிமிஷத்தில் முடிந்தது. பார்லிக் கஞ்சியும் கட்டி தட்டவில்லை. கடைசியில் வாய்ப் பரீட்சை. அதே டாக்டர் விருத்தாசலம், அதே மூக்குக்கண்ணாடி. மேஜைக்குப் பக்கத்துக் கட்டிலில் கோதண்டபாணி படுத்திருந்தான். "போன வருஷம் வந்த பெண்தானே?" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

"சுலபமாகவே கேட்கிறேன். கொய்னா மிக்ஸ்சர். ஆகாரத்துக்குப் பின் மூன்று வேளை. இந்த நோயாளிக்கு எடுத்துச் சொல்."

ஐயோ, எவ்வளவு சுலபம்! சீட்டில் உள்ளதைப் படித்தாற்போல் ஒப்பித்தால் போதும், மார்க்கு வந்துவிடும், வரப்புக்குப் போக வேண்டாம். வாய் திறந்தும்விட்டது. அந்த வார்த்தை மட்டும் வெளியே வர மறுத்தது. பின்னால் நின்ற தேவகி, போச்சுடா, போன வருஷக் கதைதான் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சவுரியம்மாள் பரீட்சைக்காரரை விட்டுவிட்டுப் பொம்மையின் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க வூட்டுல அடுப்பு எப்போ பத்துச்சு?" என்று கேட்டாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விருத்தாசலம் பேனாவைக் கீழே வைத்தார். "நான் கேட்டது மருந்து."

"மருந்துக்குத்தாங்க கேக்குறேன். சாப்டீங்களான்னா ஆச்சுன்னுதான் சொல்லுவாங்க. எத்தனை வேளைன்னா மூணுன்னு சொல்லுவாங்க. ஒருவேளை சாப்பிடுறவங்ககிட்ட சாப்பிட்ட பொறவு மூணுன்னு சொன்னா, மூணையும் ஒரே தரம் குடிச்சிடுவாங்க. அதனால அடுப்பு எப்போ பத்துச்சுன்னு கேக்கணும். பானை கவுந்திருக்குதான்னு கேக்கணும். அதுக்கு யாரும் பொய் சொல்றதில்லீங்க."

"கவிழ்ந்திருக்கிறது என்றால்?"

"பொழுதுபோயி காய்ச்சுற கூழுல ரெண்டு வாய் எடுத்து வைக்கச் சொல்லுவேன். விடியக்காலம் ஒரு வாய், ஒரு பல்லு மருந்து. மத்தியானம் ஒரு வாய், ஒரு பல்லு. பொழுதுபோயி ஒண்ணு. எடுத்து வைக்கவே கூழில்லேன்னா ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, கஞ்சி ஊத்தி, எதிர்ல நின்னு குடிக்க வைப்பேன்."

"எந்த ஆஸ்பத்திரியில் வருகிறவனுக்கெல்லாம் கஞ்சி ஊற்றுகிறார்கள்?"

"இப்ப இல்லீங்க. கேட்டுக்கினே இருந்தா ஊத்துவாங்க."

"இது எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது?" என்றார் அவர். குரலில் கோபமா வேறேதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"புஸ்தகத்துல இல்லீங்க. நான் புஸ்தகத்துல இருந்ததைச் சொல்லித்தான் எங்கம்மாவுக்கு ஒரு காது போச்சு" என்றாள் சவுரியம்மாள். இந்தத் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ எழுதினார். போகலாம் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

இருபத்தோராம் நாள் கடிதம் வந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் பாஸ். சவுரியம்மாளின் பெயர் நான்காவதாக இருந்தது. தேவகி அவளைத் தூக்கிச் சுற்றிக் கோதண்டபாணியின் மேலேயே போட்டாள்.

மறுநாள் மத்தியானம், பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஓமந்தூர் போய் இறங்கினாள். பையில் இரண்டு படி கேப்பை மாவு இருந்தது. லூர்துமேரி வாசலில் குந்திக்கொண்டு கொல்லைக்காரர் வீட்டு மல்லாட்டையை விதைக்கு உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பருப்பு வாயில் போட முடியாது, அளந்து கொடுத்து அளந்து வாங்குவார்கள். சவுரியம்மாள் வலது பக்கமாகப் போய்க் குனிந்து, காதுக்குள், "பாஸும்மா!" என்றாள்.

"எம்பொண்ணு பாஸு!" என்று தெருவுக்கே கூவினாள் லூர்துமேரி. மகள் முகத்தைத் தடவித் தடவி முத்தம் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்டியாடி?" என்றாள்.

"ஆச்சும்மா" என்றாள் சவுரியம்மாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆனாலும் அந்த வார்த்தை வந்துவிட்டது. "நீ?"

"ஆச்சு, ஆச்சு. நல்லா சாப்டோம்."

சவுரியம்மாள் கேப்பை மாவுப் பையை இறக்கி வைத்தாள். பிறகு மருந்து ஜன்னலில் பேசுகிற குரலில், "அம்மா, அடுப்பு எப்போ பத்த வச்சே?" என்று கேட்டாள்.

லூர்துமேரியின் கை மல்லாட்டைமேல் நின்றது. "நேத்து பொழுதுபோயி" என்றாள்.

"பானை?"

லூர்துமேரி மறுபடி மல்லாட்டையை உடைக்க ஆரம்பித்தாள். சவுரியம்மாள் குனிந்து உள்ளே போனாள். மூலையில் பானை கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் ஏற்றினாள். கொட்டாங்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, "யாரு வூட்டுல நெருப்பு இருக்குது?" என்று வீடு வீடாகக் கேட்டாள். முதல் வீட்டில் இல்லை. இரண்டாம் வீட்டில் இல்லை. தெருக்கோடி வரைக்கும் போய் வந்தாள்.

"யாரு வூட்டுலயும் இருக்காதுடி" என்றாள் லூர்துமேரி, வழக்கம்போல ஊருக்கே கேட்கும்படியாக. "நீ பத்த வச்சாத்தான்."

ஆஸ்பத்திரியில் ஊசி கொதிக்க வைக்கிற விளக்குக்கென்று கொடுத்திருந்த, வேறெதற்கும் தொடக் கூடாத தீப்பெட்டி பையில் இருந்தது. சவுரியம்மாள் அதை எடுத்துக்கொண்டு அடுப்பண்டை உட்கார்ந்தாள்.